செம்பின் குணம் அறிந்து பழகுவோம்

எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது செம்பு. பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். என் கணவர் கும்பகோணத்தில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன தண்ணீர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், மின்விசிறி எது வந்தாலும் பிரித்து, உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவிவிட்டு, புதுச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். சாயங்காலம் அவர் சட்டையை உதறினால் மினுக் மினுக்கென்று செம்புத் துணுக்குகள் விழும். அதைப் பெருக்கிப் பெருக்கியே என் கை தேய்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டில், செம்பைப் பற்றி உருப்படியாக ஒன்றும் தெரிந்துகொள்ளாமலே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பது சென்ற சித்திரையில்தான் எனக்கே தெரிந்தது. நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். பெரிய விஷயமெல்லாம் எழுதத் தெரியாது. பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். என்னைப் போன்ற இல்லத்தரசிகளுக்கும், கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கும் பிரயோஜனப்பட்டால் சந்தோஷம்.

பரணில் கிடந்த தவலை

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, கிணற்றடி அடுப்பில் ஒரு பெரிய செம்புத் தவலை இருந்தது. வெந்நீர் போடுவதற்கு. அடியெல்லாம் கரி பிடித்து, கழுத்து மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். இரண்டு தென்னை மட்டையைச் செருகினால் போதும், வீட்டில் இருக்கிற ஆறு பேருக்கும் வெந்நீர் ஆகிவிடும். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் வந்த பிறகு அதைத் தூக்கிப் பரணில் போட்டோம். நானும் இரண்டு முறை, "அத்தை, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. பழைய பாத்திரக்காரனிடம் போட்டுட்டு எவர்சில்வர் வாங்கிடலாமே" என்று கேட்டுப் பார்த்தேன்.

அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். "இருக்கட்டும்மா, அது பாட்டுக்கு இருக்கு" என்பதோடு சரி.

என் மாமியாருக்கு எழுபத்தைந்து வயதாகிறது. செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் விஷயத்தில் அவருக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. செம்புக் குடத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்க வேண்டும். மோர், புளிக்கரைசல், ஊறுகாய், எலுமிச்சை எதுவும் அதன் பக்கம் வரக்கூடாது. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தால், பூசி வரும் வரை அது அடுப்பேறக் கூடாது. "புளிப்புப் பட்டா செம்பு சும்மா இருக்காதும்மா, களிம்பு கக்கும்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். ஏன் என்று கேட்டதில்லை. நமக்குத்தான் எல்லாம் எவர்சில்வர் ஆகிவிட்டதே, இந்தச் சட்டமெல்லாம் யாருக்கு என்று ஒரு அலட்சியம்.

புது மோகம்

இப்போது காலம் திரும்பிவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் செம்பு பாட்டில், செம்பு ஜக், செம்பு டம்ளர். பரணில் போட்டதையே கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். நானும் வாங்கினேன். ஒரு லிட்டர் பாட்டில், கண்ணாடி மாதிரி பளபளப்பு. என் மகள் கைக்குழந்தையோடு கோடைக்கு வந்திருந்தாள். அவளிடமும் ஒன்று இருந்தது. அதோடு, வளைகாப்புக்கு யாரோ பரிசாகக் கொடுத்த சின்னச் செம்புச் சட்டியும் கிண்ணமும் கொண்டு வந்திருந்தாள். உள்ளும் புறமும் ஒரே சிவப்பு. ஈயப் பூச்சு கிடையாது. "பழைய முறையில குழந்தை வளர்க்கணும்மா" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். லீவில் காலை ஆறு மணிக்குக் கபடிப் பயிற்சி. வெயிலில் ஓடுகிற பிள்ளைக்குத் தெம்பாக இருக்கட்டுமென்று, முதல் நாள் ராத்திரியே நான்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, அந்தச் செம்பு பாட்டிலில் ஊற்றி மூடி வைத்தேன். காலையில் அவசரத்தில் மறந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை! அத்தை பூஜை அறையில் இருந்தார். பார்த்திருந்தால் கையைப் பிடித்திருப்பார்.

மறுநாள் எட்டு மணிக்குப் பையனையும் பக்கத்து வீட்டுப் பையனையும் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார்கள். இரண்டு பேருக்கும் ஓயாத வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு போயிருந்தார்கள். "வாயெல்லாம் காசைச் சப்பின மாதிரி இருக்கும்மா" என்றான் என் மகன். பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடி வந்தார். "என்னடா சாப்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு, "இவங்கம்மா குடுத்த ஜூஸ்தான்" என்றான் அந்தப் பிள்ளை. எனக்குக் காலுக்கடியில் பூமி நழுவியது. என் பிள்ளைக்கு என்றால் என்னோடு போகும்; அடுத்தவர் பிள்ளைக்கும் அல்லவா என் கையால் கொடுத்திருக்கிறேன்!

தெருக்கோடியில் இருக்கும் லேடி டாக்டரிடம் ஓடினோம். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போனது நல்லதாய்ப் போயிற்று. டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார். "எலுமிச்சம் ஜூஸை ராத்திரி முழுக்கச் செம்புல வெச்சிருந்தீங்களா?" என்று ஒரே கேள்வி. நான் திருதிருவென்று விழித்தேன்.

உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் அங்கேயே படுக்க வைத்தார். தெய்வாதீனமாக மத்தியானத்துக்குள் இருவரும் தெளிந்துவிட்டார்கள். "வாந்தி எடுத்ததே நல்லதுக்குத்தான். கொஞ்சமாக் குடிச்சதால தப்பிச்சாங்க. அளவு மீறினால் ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெட்டுப் போகும்" என்றார்.

புளி தேய்த்தால் ஏன் பளபளக்கிறது?

டாக்டரம்மா எனக்குப் புரியும்படி ஒரு கேள்வி கேட்டார். "கறுத்துப் போன செம்புப் பாத்திரத்தை எதைப் போட்டுத் தேய்ப்பீங்க?"

"புளி போட்டு. இல்லேன்னா எலுமிச்சம்பழ மூடியில உப்பைத் தொட்டு."

"ஏன் பளபளன்னு ஆகுது?"

"கறை போயிடுது."

"எங்கே போகுது?"

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. செம்பு காற்றிலும் ஈரத்திலும் இருந்தால் அதன் மேல் ஒரு கறுப்புப் படலம் உண்டாகிறது. ஈரம் தங்கினால் பச்சையாகப் பூக்கிறது. அதைத்தான் களிம்பு என்கிறோம். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் அந்தப் படலத்தைக் கரைத்து எடுத்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும்போது கரைந்தது சாக்கடைக்குப் போகிறது. அதே பாத்திரத்தில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றி வைத்தால், கரைந்தது ஜூஸோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகிறது. இவ்வளவுதான் விஷயம். இருபது வருஷத்துக்கு மேலாகப் புளி போட்டுத் தேய்த்தவள் நான். இதை ஒருநாளும் யோசிக்கவில்லையே!

அத்தை, "செம்பு களிம்பு கக்கும்" என்று சொன்னது இதைத்தான். டாக்டரம்மா வார்த்தையில் அது அமிலம். அத்தை வார்த்தையில் புளிப்பு.

குழந்தைக்குப் பால் எதில்?

கிளம்பும்போது டாக்டரம்மா தற்செயலாகத்தான் கேட்டார். "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கா?"

"பேத்தி இருக்கா டாக்டர். ஏழு மாசம்."

"குழந்தைக்குப் பால் கொடுக்கறீங்களா? எதுல காய்ச்சறீங்க?"

எனக்கு நெஞ்சு படபடத்தது. பத்து நாளாகச் சாயங்காலம் ஒரு வேளை பசும்பால் கொடுத்து வந்தோம். அந்தப் பரிசுச் செம்புச் சட்டியில் காய்ச்சி, அதிலேயே மூடி வைத்து, கிண்ணத்தில் ஊற்றி. சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். அவர் சொன்னதை நினைவில் இருக்கிற வரை அப்படியே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஒரு ஈரல் நோய் வரும். பெரும்பாலும் ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள். குழந்தை சிடுசிடுவென்று இருக்கும். வயிறு உப்பும். ஈரல் கல் மாதிரி கெட்டியாகும். பிறகு மஞ்சள் காமாலை. முற்றிவிட்டால் பிழைப்பது கஷ்டம். காரணம் தெரியாமல் ரொம்ப காலம் டாக்டர்களே திண்டாடினார்கள். 1980-களில் புனே பக்கத்து டாக்டர்களும் வெளிநாட்டு டாக்டர்களும் சேர்ந்து ஆராய்ந்தபோது, இந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு ஏராளமாகச் சேர்ந்திருப்பதைக் கவனித்தார்கள். பலரும் சீக்கிரமே தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப் பாலோ எருமைப் பாலோ குடித்து வளர்ந்தவர்கள். பித்தளை என்பதும் செம்போடு துத்தநாகம் சேர்த்ததுதானே! பாலில் உள்ள புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் தண்ணீரை விடப் பாலில் அது அதிகமாக ஏறிவிடும். பெரியவர்களுக்கு வேண்டாத செம்பை ஈரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ளிவிடும். பச்சைக் குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. அப்படிப் பால் குடித்த எல்லாக் குழந்தைக்கும் நோய் வந்துவிடவில்லை; பிறவியிலேயே ஏதோ ஒரு பலவீனமும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். ஆனால் பாத்திரம் மாறியதும் நோய் குறைந்துகொண்டே வந்து, இப்போது அபூர்வமாகிவிட்டது.

"பத்து நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. பயப்படாதீங்க. இன்னைக்கே நிறுத்திடுங்க. எவர்சில்வர் போதும். அதோட, ஒரு வயசு வரைக்கும் பசும்பாலே வேண்டாம். தாய்ப்பாலும், நல்லா மசிச்ச சாதம், பருப்பு, காய், பழமும் கொடுங்க" என்றார். மறுநாளே குழந்தையைத் தூக்கிப் போய்க் காட்டினோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறாள் என்றார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தை சொன்னது

வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டியைக் கழுவி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வயிறு உப்பும், ஈரல் கெட்டியாகும் என்று நான் சொன்ன இடத்தில் அவர் கை நின்றது. அப்புறம் அவர் கீரையைத் தொடவில்லை.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

என் கணவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது எனக்குத் தெரியும். 1971-ல். ஒன்றரை வயதில் தவறிவிட்டது. வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். திருஷ்டி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

"அவனுக்கும் அப்படித்தாம்மா வயிறு உப்பியிருந்துச்சு" என்றார் அத்தை. "எனக்குப் பால் பத்தலை. மூணாம் மாசத்துலேருந்தே எருமைப் பால்தான். பித்தளைச் சட்டியிலதான் காய்ச்சுவேன். உள்ளே ஈயம் போயிருந்துச்சு. பூசணும் பூசணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த வருஷம் மழை. ஈயம் பூசறவன் தெருப்பக்கமே வரலை. நானும் தள்ளிப் போட்டுட்டேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதுதானாம்மா காரணம்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தை, அது அதுதான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. அப்ப பெரிய டாக்டருக்கே தெரியாத விஷயம். நீங்க என்ன பண்ணுவீங்க? நான் எல்லா வசதியும் இருந்து, டாக்டர் தெருக்கோடியில இருந்து, உங்க பேச்சையும் கேட்டுக்கிட்டே இருந்து, இன்னைக்கு ரெண்டு பிள்ளைகளைப் படுக்க வெச்சேனே!" என்றேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈயம் தேய்ந்த பாத்திரத்தை அடுப்பேற்ற விடாத அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காரணம் தெரியாமலே, ஏதோ ஒரு பயத்தில், அத்தை ஐம்பது வருஷமாக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

செம்பு கெட்டதா?

அப்படியானால் செம்பை ஒதுக்கிவிட வேண்டியதுதானா என்று கேட்பீர்கள். நானும் ஆத்திரத்தில் அந்த பாட்டிலை வீசி எறியப் போனேன். என் கணவர்தான் தடுத்தார். "செம்பு என்ன பண்ணும்? அதுக்கு ஆகாததை அதுல ஊத்தினது நாம. என் கடையில செம்பு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிற உலோகம் வேற கிடையாது" என்றார். பிறகு நான்கைந்து நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் பாடமே நடந்தது.

செம்பு தண்ணீரை விட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம். அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளும் இடத்தில் செம்பை வார்த்தால் சுமார் 9 கிலோ இருக்கும். அலுமினியம் என்றால் 2.7 கிலோதான். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் உருக்காமலேயே தட்டினால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும். ஒரே ஒரு கிராம் செம்பை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு, கிட்டத்தட்ட தலைமுடி போல, இழுத்தால் 14 மீட்டர் நீளம் வரும். நம் புடவை ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டரைப் புடவை நீளம்!

மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தபடி செம்புதான். அலுமினியம் அதில் சுமார் 60 சதவீதம்தான் கடத்தும். அதனால்தான் வீட்டு ஒயரிங்குக்குச் செம்புக் கம்பியே கேட்டு வாங்கச் சொல்கிறார் இவர். விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஃப்ரிட்ஜ், கிரைண்டர் பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 என்பது பொதுவான கணக்கு. மெல்லிய ஒயரில் ஹீட்டர் போட்டால் ஒயர் சூடாகி உருகும். பிளக் சுட்டாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வெப்பத்தைக் கடத்துவதிலும் இதே கதைதான். இரும்பை விடச் சுமார் 5 மடங்கு, எவர்சில்வரை விடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் செம்பு சூட்டைக் கடத்தும். எவர்சில்வர் பாத்திரத்தில் பால் ஏன் அடிப்பிடிக்கிறது? நெருப்புப் படும் இடத்திலேயே சூடு தங்கிவிடுவதால். அடியில் செம்பு பூசிய எவர்சில்வர் பாத்திரத்தில் சூடு அடி முழுக்கப் பரவுவதால் அவ்வளவாகப் பிடிக்காது. உள்ளே எவர்சில்வர் இருப்பதால் புளிப்புக்கும் பயமில்லை. இரண்டு மட்டையில் தவலை நிறைய வெந்நீர் காய்ந்த ரகசியமும் இதுதான்.

தண்ணீர் வைப்பது பற்றியும் நல்ல சேதி உண்டு. பெங்களூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2012-ல் வெளியானது. காலரா, டைஃபாய்டு, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த தண்ணீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபோது, அந்தக் கிருமிகள் மிஞ்சவில்லை. தண்ணீரில் இறங்கிய செம்பும் உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்புக்கு, அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு, ரொம்பக் குறைவாகவே இருந்தது. கோயிலில் தாமிரப் பாத்திரத்தில் தீர்த்தம் வைக்கும் பழக்கத்தை நினைத்துக்கொண்டேன். நம் உடம்புக்கும் தினம் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு தேவைப்படுகிறது. அது எள், பருப்பு, வேர்க்கடலை, தானியங்களிலேயே நமக்குக் கிடைத்துவிடும்.

ஈயம் என்றால் எது?

பித்தளைப் பாத்திரம் மறுபடி வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான சமாசாரம். ஈயம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு உலோகங்களை. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் விஷம், அதிலும் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. விலை மலிவு என்று காரீயம் கலந்து பூசிவிட்டால் செம்பை விடப் பெரிய ஆபத்து.

முன்பெல்லாம் ஈயம் பூசுகிறவர் தெருவிலேயே குழி தோண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே நிலா மாதிரி வெளுத்துவிடும். வெள்ளீயக் குச்சியை வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். "ஈயம் அழுவுது" என்பாராம் அத்தையின் அம்மா. இப்போது பாத்திரக் கடைகளில் கேட்டால் பூசுகிறவரைச் சொல்வார்கள். நம்பிக்கையானவரிடம், சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக் கொடுங்கள். இன்னொன்று, வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே ஈயச் சொம்பையும் ஈயம் பூசிய பாத்திரத்தையும் வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீரோ ரசமோ ஊற்றிய பிறகே அடுப்பேற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது

அத்தையும் நானும் சேர்ந்து சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் செய்யலாம்.

செம்புப் பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் மட்டும்தான். ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறோம். சுத்தமா என்று சந்தேகமுள்ள தண்ணீரானால் முதலில் காய்ச்சி ஆற வைத்துப் பிறகே ஊற்றுகிறோம். செம்பு கிருமியைக் கொல்லலாம்; தண்ணீரில் கலந்த உப்பையும் ரசாயனத்தையும் அது எடுத்துவிடாது. நாள் கணக்கில் தேங்கிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.

எலுமிச்சை, மோர், தயிர், புளி, தக்காளி, பழரசம், ஊறுகாய் எதுவும் செம்பிலோ, ஈயமில்லாத பித்தளையிலோ கிடையாது. ஐந்து நிமிஷம்தானே என்ற சமாதானமும் கிடையாது.

கைக்குழந்தைக்குப் பால், கஞ்சி, மருந்து எதுவும் செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் கிடையாது. பரிசாக வந்தாலும், பாட்டி காலத்துப் பாத்திரமானாலும் எடுத்து வைத்துவிடுங்கள். குழந்தை பெரியவளானதும் விளையாடட்டும்.

புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்த பாத்திரத்தை நன்றாக அலம்பி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். உள்ளே பச்சை பூத்திருந்தால் அதைத் தேய்த்துப் போக்காமல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாட்டிலின் கழுத்துக்குள் கை போகாது. அங்கேதான் களிம்பு ஒளிந்திருக்கும். வாய் அகலமான பாத்திரமே உத்தமம்.

இன்னொரு விஷயம். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. பிறவியிலேயே உடம்பால் செம்பை வெளியேற்ற முடியாத நிலை. அந்த நோய் உள்ளவர்களும், ஈரல் கோளாறுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் செம்புப் பாத்திரத் தண்ணீரைத் தொட வேண்டாம்.

பரணிலிருந்த தவலையைப் போன மாதம் இறக்கினோம். என் பையனும், அன்றைக்கு ஆட்டோவில் வந்த பக்கத்து வீட்டுப் பையனும்தான் தூக்கி இறக்கினார்கள். நானும் அத்தையும் புளி போட்டுத் தேய்த்தோம். கார்த்திகை, மார்கழிக் குளிருக்கு மறுபடி கிணற்றடியில் வெந்நீர் போடலாம் என்று உத்தேசம். அதற்குச் செம்பை விட்டால் வேறு எது?

தேய்த்துக்கொண்டிருக்கும்போது, இதைப் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். மூத்த பிள்ளையைப் பற்றி எழுதலாமா என்று கேட்கத்தான் தயக்கமாக இருந்தது. அவரே புரிந்துகொண்டார்.

"எழுதும்மா. அவனையும் சேர்த்தே எழுது. யாராவது ஒருத்தி படிச்சுட்டு, பால் காய்ச்சற சட்டியை மாத்தினாப் போதும்" என்றார்.